ஏழுநரம்பாரின் விறகுவெட்டி

ஆஸ்திரேலியாக் கண்டத்திலேயே மிகக் குறைந்த சத்தம் போட்டு மிக அதிகத் தொல்லை கொடுத்த மனிதர், பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு ஏழுநரம்பார்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். தொழிற்சாலையில் கூட வேலைசெய்த சீனர் ஒருவரிடம், மேசையில் கிடத்தி மீட்டும் ஏழு நரம்பு வாத்தியத்தைப் பழகிக்கொண்டார். ஒலி, கொசுவின் பெருமூச்சு அளவு. வாசிக்குமுன் குளிப்பார். பிரிட்ஜை நிறுத்துவார். ரயில் போனால் முதலிலிருந்து தொடங்குவார்.

"அண்ணை, அந்த மனிசனிட்டைச் சொல்லுங்கோ. மூண்டாந்தரமும் ஐஸ்கிறீம் உருகிப்போச்சு" என்பார் அவர் மனைவி.

தெரிந்தது ஒரே பாட்டு; மலைக்கு ஒரு பாகம், ஆற்றுக்கு ஒரு பாகம், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வாசிப்பார். அதற்கொரு கதை உண்டு. முன்பொரு கலைஞன் மலையை நினைத்து வாசித்தால், கேட்டிருந்த விறகுவெட்டி "மலை" என்பானாம்; ஆற்றை நினைத்தால் "ஆறு" என்பானாம். விறகுவெட்டி இறந்ததும் கலைஞன் நரம்புகளை அறுத்துவிட்டு, பிறகு வாசிக்கவே இல்லையாம்.

ஏழுநரம்பாருக்கும் ஒரு விறகுவெட்டி தேவைப்பட்டான். ஏழு பேரை உட்கார்த்திப் பார்த்தார். ஆறு பேர் தூங்கினார்கள். ஏழாமவர், வாசித்து முடிந்த பிறகு, "இனித் தொடங்குவமோ?" என்று கேட்டார்.

எட்டாவது நான். எனக்கு மலையும் கேட்கவில்லை, ஆறும் கேட்கவில்லை. ஆனால் எண்ணுவது என் வியாதி. நரம்பை நூறு தடவைக்குமேல் தொட்டால் ஆறு, குறைந்தால் மலை. ஒருமுறையும் தவறவில்லை.

"ஐசே, நீர்தான் என்ரை விறகுவெட்டி!" என்று கண்கலங்கினார்.

பிறகு எனக்கு இருதய சத்திரசிகிச்சை. பதினெட்டாம் நாள் வீடு திரும்பி அவரிடம் போனால், ஏழு நரம்பும் அறுந்து தொங்குகின்றன.

"நான் உயிரோடைதானே இருக்கிறன்!"

"நாலு நாள் எண்டனீர். பத்து நாளாகியும் வரேல்லை. அண்டைக்கே அறுத்துப்போட்டன்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் அடிக்கேலாதோ?"

"அந்தக் கதையிலை போன் இல்லை, ஐசே."

எனக்காக அறுத்திருக்கிறார். மனம் பொறுக்காமல் உண்மையைச் சொன்னேன்: "எனக்கு மலையுமில்லை, ஆறுமில்லை. எண்ணித்தான் சொன்னனான்."

அறுந்த நரம்புகளை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். "எண்ணிறதுக்கும் கேக்கத்தானே வேணும்" என்றார்.

சீனாவிலிருந்து புது நரம்புகள் வர அறுபத்துநான்கு நாள் பிடித்தது. கட்டுமுன் என் கையைப் பிடித்தார். "இன்னொருக்கா அறுக்க என்னாலை ஏலாது. எனக்குப் பிறகுதான் நீர் போகவேணும்."

சரி என்றேன். அதன்பின் பதினான்கு மாதம் வாசித்தார்.

என் ஆயுளில் கொடுத்த வாக்குகளில், காப்பாற்றியதற்காக நான் வருந்துவது அது ஒன்றுக்குத்தான்.