ஜெசிந்தா கேட்ட தாழ்ப்பாள்

ஒரு காட்டில், ஊர் அடங்கிய பிறகு, 'க்ரக்… க்ரக்…' என்று ஒரு சத்தம். மூன்று குட்டிகளுக்குத் தாயான ஜெசிந்தா என்ற முயல் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். நரி ஒன்று அவள் வீட்டுக் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விடியும்வரை முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்று இரவுகள் இப்படியே போயின. கண்ணியில் சிக்கி நொண்டிப்போன இடது காலோடு, குட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. நான்காம் நாள் காட்டு நல அலுவலகத்துக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் கேட்டாள்.

அங்கே தாழ்ப்பாள் கொடுக்கிற வழக்கம் இல்லை. படிவம் கொடுக்கிற வழக்கம் இருந்தது. 'உங்கள் குறை மனத்திலா, உடலிலா? ஒன்றை மட்டும் டிக் செய்க.' பயம் மனத்தில், நொண்டல் காலில். ஜெசிந்தா மடத்துப் புறாக்களிடம் படித்தவள். பொய் எழுத வராது. இரண்டையும் டிக் செய்துவிட்டாள்.

அதனால் மறுநாள் மதியம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் மனநல மீட்புப் பயிற்சியாளர், தேவாங்கு. மற்றவர் மாற்றுத்திறன் ஆதரவு ஒருங்கிணைப்பாளர், மந்தி. ஒரு வளைக்கு ஒருவர்தான் என்பது விதி; அந்த ஒருவர் யார் என்பது முடிவாகவில்லை.

"நானும் பயந்து கிடந்தவன்தாம்மா," என்றது தேவாங்கு, கண் கொட்டாமல். "ஆறு வருஷம் மரத்தை விட்டே இறங்கல. இப்போ பாருங்க, உங்க வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

"சந்தோஷம் சார். தாழ்ப்பாள் போட்டுத் தருவீங்களா?"

"ஐயோ, நான் எதையும் செஞ்சு தர மாட்டேன். கூடவே நடப்பேன். உண்மையான தாழ்ப்பாள் உங்களுக்குள்ளேதான் இருக்கு."

மந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கூட நடக்கிறாராம்! அந்தம்மா காலைப் பார்த்தியாய்யா? ஜெசிந்தா, நான் அப்படி இல்ல. வேலை செய்யறவங்களைத் தேடிப் பிடிச்சுக் கொடுப்பேன்."

"அப்போ நீங்க போடுவீங்களா மேடம்?"

"தேடுறவ செய்யக் கூடாதும்மா. முறைகேடு ஆயிடும்."

பிறகு இருவரும் வாசலில் சம்மணமிட்டுத் தங்கள் பதவிகளை ஒப்பிடத் தொடங்கினார்கள்.

"நான் நம்பிக்கையை வளர்க்கிறேன். நீங்க பட்டியலை வளர்க்கிறீங்க."

"நீ வாரா வாரம் வந்து 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்ப. நான் மாசத்துக்கு ஒருமுறை போன்லயே கேட்டுடுவேன். யாருக்கு வேலைத்திறன் ஜாஸ்தி?"

ஜெசிந்தா இரண்டு முறை டீ போட்டுக் கொடுத்தாள். "பொழுது சாயுதுங்க," என்றாள். "குட்டிங்க இருக்கு."

'தன் உணர்வுகளைப் பகிரத் தொடங்கியுள்ளார்' என்று தேவாங்கு குறித்துக்கொண்டது. மந்தி தச்சர் பட்டியலை விரித்தது.

"மரங்கொத்தி, மழைக்காலம் முடியற வரைக்கும் நேரமில்ல. முள்ளம்பன்றி, ஓய்வு பெற்றாச்சு. நரி… பதிவு பெற்றவர். இன்னிக்கே வருவார்!"

"மேடம், ராத்திரி வந்து கதவைச் சுரண்டுறதே அவர்தான்!"

"அப்போ வழி தெரியும். ரொம்ப நல்லதாப் போச்சு."

"பயத்தை நேருக்கு நேர் சந்திக்க அருமையான வாய்ப்பு," என்றது தேவாங்கு. அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நரி கருவிப் பையோடு வந்தது. மூக்குக் கண்ணாடி வேறு.

"வணக்கம் சிஸ்டர். பழகின கதவுதான், சீக்கிரம் முடிச்சிடலாம். குட்டிங்க உள்ளேயே தூங்கட்டும். நீங்க மட்டும் வெளியே போய்க் கையெழுத்துப் போடுங்க."

ஜெசிந்தா நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து தேவாங்கின் மடியில் போட்டாள். இரண்டாவதை மந்தியின் கையில் திணித்தாள். மூன்றாவதைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

"ஒண்ணையாவது விட்டுட்டுப் போகக் கூடாதா?" என்றது நரி. "அளவு பார்க்கணும்."

'பிறரை நம்ப மறுக்கிறார். பின்னடைவு' என்று தேவாங்கு எழுதியது.

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. வேலையில் குறை சொல்ல முடியாது; நேர்த்தியான தாழ்ப்பாள். நரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. வைக்கோல் மெத்தை. மூலையில் கேரட் கூடை. மழை ஒழுகாத கூரை.

வெளியே மந்தி படிவத்தின் கடைசிக் கேள்வியைப் படித்தது: "'கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டதா?' டிக் போடப்போறது நான்தான். ஆளைப் பிடிச்சது நான்."

"மனசைத் தயார்படுத்தினது நான்!" என்று தேவாங்கு பேனாவைப் பிடுங்கியது.

"என் வீடுங்க அது!" என்றாள் ஜெசிந்தா.

இருவரும் "உஷ்!" என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நரி கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டது.

நீதி: உதவி கேட்டு விண்ணப்பிக்கும்போது, கதவின் எந்தப் பக்கம் நிற்க விரும்புகிறீர்கள் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடவும்.