ரகசியச் சொல் இல்லாமல் வந்த மகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் உடல்நலத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. மீதிக் கடிதம் முழுவதும் உன்மேல் புகார்தான், அதனால் உட்கார்ந்து படி.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குத் தாளும் பேனாவும் என்று கேட்பாய். போன் திறந்தால்தானே சொல்வதற்கு. என் போன், அவர் போன், மேசைமேல் இருக்கிற கம்ப்யூட்டர் மூன்றும் பூட்டிக்கொண்டு, நாங்கள் யார் என்று எங்களையே கேட்கின்றன. யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேசலாம், நாமாக ஒருவரைக் கூப்பிட முடியாது. எல்லாம் போன மாதம் நீ வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனதன் பலன்.

வந்த அன்று காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்தாய். ஓரத்தில் நான் சிவப்பு மையில் ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தேன்.

"அக்கா, இது என்ன?"

"பாஸ்வேர்டு."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

முப்பது வருஷம் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். கெட்ட செய்தி சொல்லப்போகிற டாக்டரின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு நீ காப்பியைக் கீழே வைத்தாய். அன்றைக்கு ஆரம்பித்த வைத்தியம். ஒவ்வொன்றுக்கும் பதினாறு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு, அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம். "எங்கேயும் எழுதி வைக்காதீங்க அத்தான். யார் போன் பண்ணினாலும் நம்பாதீங்க. இப்பல்லாம் நம்ம குரலையே அச்சு அசலாப் பண்ணிடறாங்க. குடும்பத்துக்குன்னு ஒரு ரகசியச் சொல் வெச்சுக்குங்க, அதைச் சொல்லாதவங்க யாரா இருந்தாலும் வெச்சிடுங்க" என்றாய். அந்த நேரத்தில் உன் ஈரத் துண்டு நாற்காலிமேல் கிடந்ததற்கு நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் ரகசியச் சொல் "ஈரத்துண்டு" என்றே முடிவாயிற்று. இதைக் கடிதத்தில் எழுதக்கூடாதாம். எழுதிவிட்டேன், போ.

நீ சொன்னது தப்பென்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்புதான் உன் பிழைப்பு, உனக்குத் தெரியாததா. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? உன் அத்தான் முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எதிரே வருகிற மனிதனை முதலில் சந்தேகப்பட்டு, பிறகு வணக்கம் சொல்கிறவர். நீ காலேஜில் படிக்கும்போது உன் பாஸ் முடிந்து ஒரே ஒரு நாள் ஆனதற்கு, சொந்த மைத்துனன் என்றும் பாராமல் பெட்டியில் எல்லார் முன்னாலும் அபராத ரசீது கிழித்துக் கொடுத்தாரே, மறந்துவிட்டாயா? அப்படிப்பட்டவரிடம் யாரையும் நம்பாதே என்று உபதேசம் செய்தது, கள் குடித்த குரங்கைத் தேளும் கொட்டின கதைதான்.

நீ போன மறுநாளே கதவுக்கு இன்னும் இரண்டு தாழ்ப்பாள் வந்தன. பாஸ்வேர்டை எழுதக்கூடாது என்றாய் அல்லவா, அவர் முழுதாக எழுதவில்லை. முதல் பாதியைச் செருப்பு அலமாரிக்கு அடியிலும், மறுபாதியை இன்றுவரை அவருக்கே தெரியாத ஓர் இடத்திலும் எழுதி வைத்தார். பிறகு மறுபாதியை யோசித்து யோசித்துப் போட்டுப் பார்த்ததில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். நாற்பது படுக்கைக்கு மருந்து நேரம் மனப்பாடமாகச் சொன்னவள்தான், ஆனால் அந்த நாற்பது பேருக்கும் நடுவில் நட்சத்திரக் குறி போட்டிருக்கவில்லையே.

அடுத்தது கண் ஆஸ்பத்திரி. அவருக்கு வலது கண்ணில் புரை முற்றி, அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்டு இரண்டு மாதம் காத்திருந்தோம். அந்த வாரம்தான் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க ஆபரேஷன் தேதியை உறுதி பண்ணணும். பிறந்த தேதி சொல்லுங்க."

"முதல்ல உன் பிறந்த தேதியைச் சொல்லும்மா."

"சார், நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன்."

"அப்படித்தான் சொல்லுவீங்க. உன் அடையாள எண் என்ன, மேலதிகாரி யாரு?"

நான் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டார். தேதி வேறொருவருக்குப் போய்விட்டது. பிறகு நேரில் போய்க் கேட்டபோது தெரிந்தது, கம்ப்யூட்டரில் "நோயாளிக்கு விருப்பமில்லை" என்று பதிந்திருக்கிறார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. போன புதன்கிழமை நம் பெண் கூப்பிட்டிருக்கிறாள். மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும்போது அவள் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, கூட வேலை செய்கிற டாக்டரின் போனிலிருந்து பேசியிருக்கிறாள். மூன்று வருஷமாகக் கேட்ட மாற்றல் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை வருகிறேன், இனிமேல் நம் ஊரில்தான் என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம். இவர் ரகசியச் சொல் கேட்டிருக்கிறார். அவளுக்கு எப்படித் தெரியும்? அவளிடம் சொல்கிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டது யார்? நீதானே.

"அப்பா, விளையாடாதீங்க. நான்தான் பேசறேன்."

"குரல் நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா என் பொண்ணு இவ்வளவு பொறுமையாப் பேச மாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பா நம்பர் ஒன்றுதான். அவள் மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. என்னிடம் இரவு சாப்பிடும்போது, ஒரு மோசடிக்காரியை மடக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். நானும் சரிதான் என்று தலையாட்டினேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை பகல். நல்ல மழை. நான் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன், மேலே பேச்சுக் குரல். திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தால், நம் பெண் சொட்டச் சொட்ட நனைந்து இரண்டு பெட்டியோடு கதவுக்கு வெளியே நிற்கிறாள். இவர் உள்ளே இருந்து கதவுத் துளை வழியாகப் பார்க்கிறார். புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரியும்.

"அப்பா, கதவைத் திறங்க. குளுருது."

"ஒரு உருவம்தான் தெரியுது. என் பொண்ணுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு சொல்லு, திறக்கிறேன்."

அவள் கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"அம்மா வீட்ல இருக்காங்களா?"

"இல்ல. கடைக்குப் போயிருக்கா."

"அப்ப சொல்றேன். எனக்கு ஆறு வயசுல அம்மாவைப் பாக்க ரயில்ல கூட்டிட்டுப் போனீங்கல்ல, எனக்கு நீங்க டிக்கெட்டே எடுக்கல. செக்கிங் ஸ்குவாட் ஏறினதும் மேல் பெர்த்ல போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சீங்க. தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்கோன்னீங்க. அம்மாகிட்ட சாகிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க. போதுமா, இன்னும் சொல்லணுமா?"

மூன்று தாழ்ப்பாளும் அத்தனை வேகமாகத் திறந்ததை நான் பார்த்ததே இல்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஈரத் தலையைத் தன் சட்டையாலேயே துடைத்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் படியில் நான் நிற்பது தெரிந்தது.

"நீ எப்ப வந்தே?"

"டிக்கெட் இல்லாம ஏறினதிலிருந்து" என்றேன்.

அன்று முழுக்க அவர் தலை நிமிரவில்லை. சாயங்காலம் மெதுவாக அவரே சொன்னார். நான் ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்காக மூன்று மாதம் வெளியூரில் இருந்த நாள் அது. அவருக்கு அந்த ஊருக்குப் போகிற ரயிலில் டியூட்டி. வழியனுப்பப் பக்கத்து வீட்டம்மாவோடு வந்த குழந்தை, அம்மாவிடம் போகணும் என்று அவர் பேண்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். வண்டி நகர ஆரம்பித்ததும் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டாராம். "அன்னைக்கு அந்தப் பெட்டியில நாலு பேருக்கு அபராதம் போட்டேன்" என்றார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. வார்டு வாசலில் இரண்டு பேரையும் பார்த்த சந்தோஷத்தில் எப்படி வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே நல்லது.

இப்போது எல்லாம் ஒரு வழிக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை அவரே கண் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல சார், எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்" என்று சிரித்துவிட்டு, அடுத்த மாதம் இருபதாம் தேதியைக் கொடுத்தாள். நம் பெண்ணின் போன் இன்னும் ரிப்பேர் கடையில்தான். உன் நம்பரோ எங்கள் ஒருவருக்கும் மனப்பாடமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீ வந்து இந்த மூன்றையும் திறந்து கொடு. திறப்பதோடு நிறுத்திக்கொள், உபதேசம் வேண்டாம். உன் அத்தான் அடியோடு மாறிவிட்டார். நேற்று தபால்காரரை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். மனிதர்களை நம்பாமல் என்ன வாழ்க்கை என்று என்னிடமே சொன்னார். கலைக்காதே.

உன் மனைவிக்கு என் அன்பு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் நேரத்துக்குத் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது, படித்துப் பார்க்கட்டுமா என்று உன் அத்தான் வாங்கினார். இரண்டு தரம் படித்தார். வீட்டுத் தாழ்ப்பாள் எத்தனை, ஆபரேஷன் எந்தத் தேதி, பெண் எங்கே வேலை என்று இவ்வளவும் எழுதிய கடிதத்தை வெறும் பசை தடவிய உறையில் அனுப்ப முடியாதாம். தபால்காரர் டீ குடிக்கும்போதே ஒரு மாதிரி பார்த்தாராம். ஆகையால் நாளைக் காலை வண்டியில் தானே எடுத்து வந்து உன் கையில் கொடுக்கப்போகிறார். அப்படியே உன் வீட்டுப் பாதுகாப்பையும் முழுக்கச் சோதித்து ஒரு அறிக்கை எழுதித் தருவாராம், அதற்குப் பெரிய நோட்டு ஒன்று வாங்கிவிட்டார். பெட்டியை நானும் பெண்ணும் சேர்ந்தே அடுக்கிவிட்டோம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்கு முன்னால் திருப்பி அனுப்பாதே.