முனுசாமி வரும் பக்கம்

இருபத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டும்போதுதான் செண்பகம் கவனித்தாள். எழுத்தாளரின் இடது கண் அவர் கன்னத்தில் இருந்தது.

கட்டம் கட்டமாக நெய்த துணியில், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாக நூலைப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஓர் உருவம் வந்து நிற்கும். கிராஸ் ஸ்டிட்ச் என்பது அவ்வளவுதான். ஆனால் கட்டங்களை எண்ண வேண்டும். மடியில் துணி, எதிரே சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த நாவல் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். நாவலின் கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமான பரபரப்பில் ஊசி ஒன்பது கட்டம் கீழே இறங்கிவிட்டது.

அடுப்பில் பருப்பு தீய்ந்த வாசனையும் அப்போதுதான் வந்தது.

இரண்டு வேலையையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டது அவளேதான். ஆம்பூரில் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்து மாடியில் ஒரு வாசகர் வட்டம் கூடும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பஞ்சாட்சரம் அதன் தலைவர். கல்லூரியில் பாடம் நடத்தும் பாரதி, ஷூவுக்கு லைனிங் துணி விற்கும் ஷோயப் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். செண்பகம் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் ஷூவின் மேல்தோலில் தையல் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மூன்று வருடமாகக் கூட்டத்துக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் தப்பாகப் போய்விடுமோ என்று பயம். பேசாமலே திரும்பிவிட்டால் அன்று முழுவதும் மனசு கேட்காது.

போன மாதம், தான் போட்ட மயில் படம் ஒன்றைச் சட்டம் போட்டு நூலகத்துக்குக் கொடுத்தாள். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் எழுந்து நின்று அறிவித்தார். அடுத்த கூட்டத்துக்குத் திருப்பத்தூரிலிருந்து எழுத்தாளர் தமிழ்வேந்தன் வருகிறார். நாற்பது வருடத்துக்கு முன் வெளிவந்த அவருடைய ஒரே நாவலைப் பற்றித்தான் பேச்சு. அவர் முகத்தையே கிராஸ் ஸ்டிட்ச்சில் போட்டுப் பரிசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஒரு தொழிலாளியின் பார்வையும் வேண்டும் என்று பாரதி சேர்த்துச் சொன்னார். ஆகவே படமும் செண்பகம், பேச்சும் செண்பகம்.

அன்று வீடு வந்து சேர்ந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நாவல் அறுநூற்று நாற்பது பக்கம் என்பது மறுநாள் தெரிந்தது.

கண்ணைப் பிரித்து மேலே ஏற்றியதில் இரண்டு நாள் போயிற்று. தையலையும் படிப்பையும் ஒன்றாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்து, நாவலைக் கம்பெனிக்கு எடுத்துப் போனாள். பஸ்ஸில் பத்துப் பக்கம், சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பக்கம். மணி அடித்தால் புத்தகத்தை மூடிவிடலாம், கதை மூடிக்கொள்ளவில்லை. புதன்கிழமை மதியம் சூப்பர்வைசர் ஆபித் பாஷா ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"இன்னா செண்பகம்மா, ரெண்டும் எடது காலு. இத்தப் போட்டுக்கினு நடக்குறவன் ஒரே பக்கமா திரும்பிக்கினே இருப்பானா?"

இருபது வருடத்தில் அவள் அப்படி ஒரு ஜோடியை விட்டதில்லை. நாவல் அன்றே வீட்டுக்குத் திரும்பியது.

கணவன் ஆதிகேசவன்தான் வழி சொன்னான். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குத் தோல் ஏற்றி வரும் வேனை அவன் ஓட்டினான். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பான். தான் உரக்கப் படிப்பதாகவும், அவள் தைத்துக்கொண்டே கேட்கட்டும் என்றும் சொன்னான். மகள் காட்பாடியில் ஹாஸ்டலில் இருந்ததால் டிவிக்குச் சண்டை போட ஆளில்லை. செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் நாள் சிக்கல் எண்களால் வந்தது. அவன் "அத்தியாயம் நாலு" என்று படித்ததும், முப்பத்தாறு வரை எண்ணியிருந்தவள் ஐந்து, ஆறு என்று தொடர்ந்தாள். தலைமுடி கீழே இறங்கி, எழுத்தாளரின் நெற்றி இரண்டு விரல் குறைந்தது. இனி எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஏற்பாடாயிற்று.

இரண்டாம் நாள் கதை ஒரு புளியமரத்தடிக்கு வந்து நின்றது. மரத்தின் பட்டை, மரத்தின் நிழல், நிழலின் நிறம். கேட்டுக்கொண்டே செண்பகம் கண் அயர்ந்து, ஊசியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டாள். துணியில், எழுத்தாளரின் நெஞ்சருகே, ஒரு சொட்டு ரத்தம். துவைத்தும் போகவில்லை. அதை மறைக்க அவர் சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா வைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாளிலிருந்து நாவல் சூடு பிடித்தது. முனுசாமி என்று ஒரு லாரி டிரைவர் வந்தான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு வெள்ளை. பாலாற்றில் வெள்ளம் வந்த அன்று, பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை லாரியில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். அவளுடைய அண்ணனோ முனுசாமியிடம் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்த பழைய தோஸ்த். செண்பகத்துக்குத் தூக்கம் போயிற்று. கூடவே எண்ணிக்கையும் போயிற்று. முனுசாமி வெள்ளத்தோடு போய்விட்டதாக ஆதிகேசவன் படித்த அன்று அவள் அழுத அழுகையில் கட்டங்கள் தெரியவில்லை. எழுத்தாளரின் மீசை ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. பிரித்துப் போட நாள் இல்லை. மறுநாளே முனுசாமி மாதனூர்ப் பக்கம் கரையேறிவிட்டான் என்பது பெரிய ஆறுதல்.

கம்பெனி பஸ்ஸில் பெண்கள் தினமும் அவளைச் சுற்றிக்கொண்டு, முனுசாமி என்ன ஆனான் என்று கேட்டார்கள். ஆபித் பாஷாவே ஒரு நாள் கேட்டார். இத்தனை நல்ல நாவலை ஏன் யாரும் கொண்டாடவில்லை என்று செண்பகத்துக்கு ஆற்றாமையாக இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் படமும் முடிந்தது, நாவலும் முடிந்தது. குறைந்த நெற்றி, ஏறிய மீசை, சிவப்புப் பேனா. இஸ்திரி போட்டுச் சட்டத்துக்குள் வைத்ததும் ஆதிகேசவன் தள்ளி நின்று பார்த்தான்.

"யாரு இது?" என்றான்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து, வெள்ளக் காட்சியைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம் என்று புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. முன்னால் தேடினாள், பின்னால் தேடினாள். வெள்ளம் இல்லை. லாரியே இல்லை. மாட்டு வண்டி ஒன்று இருந்தது. அதை ஓட்டியவன் பேர் வேறு. புத்தகத்தோடு வாசலுக்கு வந்தாள். ஆதிகேசவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"முனுசாமி எந்தப் பக்கத்துல வர்றான்?"

அவன் டயரையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"அந்தப் புளியமரம் பதினோரு பக்கம் போவுது செண்பகம். நீ தூங்கி வுழுந்து ஊசியக் குத்திக்கினே. பேஜாரா பூட்ச்சி. அதான் ஒரு லாரிய உள்ள வுட்டேன்."

"முனுசாமி?"

"அப்புறம் லாரிய ஓட்ட ஆள் வேணும் இல்ல."

செண்பகம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து, அவள் அழுததைப் பார்க்கச் சகிக்காமல்தான் முனுசாமியை மறுநாளே பிழைக்க வைத்ததாகச் சொன்னான். யாராவது கேட்டால் வேறு பதிப்பைப் படித்தேன் என்று சொல்லிவிடலாம் என்றும் ஒரு யோசனை சொன்னான். கோபத்தைவிட, முனுசாமி என்று ஒருவன் இல்லவே இல்லை என்பதுதான் அவளை அதிகமாக உறுத்தியது. கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம் படிக்க முடியாது. உண்மையைச் சொல்லிவிட்டு, படத்தைக் கொடுத்துவிட்டு, இனி அந்த மாடிப்பக்கமே போகாமல் இருந்துவிடுவது என்று தீர்மானித்துப் புடவை மாற்றப் போனாள்.

மாடியில் அன்று நல்ல கூட்டம். தமிழ்வேந்தன் ஜிப்பாவும் துண்டுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கமலம், மாத்திரைப் பையும் பிளாஸ்க்குமாக வாசலோரத்து நாற்காலியில் இருந்தார். யாரும் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. ஆதிகேசவன் துணி சுற்றிய படத்தை அணைத்தபடி கடைசி வரிசையில் நின்றான்.

பஞ்சாட்சரம் செண்பகத்தை அறிமுகப்படுத்தினார். நம்மில் யாரும் படிக்காத ஆழத்துக்கு இந்த நாவலைப் படித்தவர் என்றார். அவள் எழுந்தாள். மூன்று வருடமாக எந்த முகங்கள் தன் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாளோ, அத்தனையும் திரும்பியிருந்தன. உண்மை தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்ததும் வந்தது முனுசாமி.

எப்படிப் பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. லாரி வெள்ளத்தில் இறங்கியதைச் சொன்னாள். முகம் கொடுத்துப் பேசாத தோஸ்த் கரையில் நின்று முதல்முறையாக அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னாள். பத்து நிமிடம் என்றது இருபதாயிற்று. உட்கார்ந்து தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்போது யாராவது எழுந்து யாரம்மா அந்த முனுசாமி என்று கேட்கப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முனுசாமிதான் இந்த நாவலின் முதுகெலும்பு என்று தான் பல வருடமாகச் சொல்லி வருவதாகச் சொன்னார். பாரதி எழுந்து, அந்த லாரி வெறும் லாரி அல்ல, ஒரு குறியீடு என்றார். ஷோயப் கண்ணைத் துடைத்தபடி, முனுசாமியின் இரண்டாம் கல்யாணத்தை இந்தம்மா ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டார். ஆதிகேசவன் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான்.

தமிழ்வேந்தன் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது குரல் தழுதழுத்தது.

"முனுசாமியை எழுதின அந்த மூணு நாளும் நான் சாப்பிடல," என்றார்.

செண்பகம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். நூலகத்துப் புத்தகத்தில் சில பக்கங்கள் உதிர்ந்து போயிருக்குமோ என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

படத்தைத் திறந்தார்கள். குறைந்த நெற்றியையும் ஏறிய மீசையையும் தமிழ்வேந்தன் நெடுநேரம் பார்த்தார். அந்த முகம் அவரைப் போலவும் இல்லை, அந்த மாடியில் இருந்த வேறு யாரைப் போலவும் இல்லை. தன்னுடைய இளமைக் காலம் அப்படியே வந்திருக்கிறது என்றும், அந்தச் சிவப்புப் பேனாவில்தான் நாவல் முழுவதையும் எழுதியதாகவும் அவர் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். செண்பகமும் தட்டினாள்.

டீயும் பிஸ்கட்டும் வந்தன. அடுத்த மாதமும் செண்பகம்தான் பேச வேண்டும் என்று பஞ்சாட்சரம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் எழுத்தாளரைச் சுற்றிக்கொண்டு புகைப்படம் எடுத்தார்கள். வாசலோரத்து நாற்காலியிலிருந்து கமலம் எழுந்து, மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். செண்பகத்தின் கையைப் பிடித்தார். அந்த விரல்களில் ஊசி குத்திய தழும்புகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"முனுசாமி ரொம்ப நல்லா இருக்கான்மா. ஆனா இந்த நாவலை நான் எழுதினப்போ அவன் அதுல இல்லையே."