ஈச்சங்காவயலின் ஒரே ரன்

"எங்க அப்பாவ எதுக்கு ஏழாவது ஆளாப் போட்டிருக்கீக?"

பாண்டீஸ்வரன் இதைக் கேட்டபோது அவன் வலது கை இடுப்பு வேட்டிக்குள் இருந்தது. உள்ளே இருப்பது வெற்றிலைப் பொட்டலமா, வேறு ஏதாவதா என்று உதயகுமாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவனுக்கு இல்லை.

"ஏழுன்னா குறைச்சல் இல்லண்ணே. யாராவது ஒருத்தர் ஏழாவதா ஆடித்தான ஆகணும்?"

"யாராவது ஆடட்டும். மேலத்தெரு முத்துக்கருப்பன் ஆட மாட்டாரு."

உதயகுமார் லேப்டாப்பில் அந்தப் பெயரை எடுத்து முதல் இடத்தில் போட்டான். கோயில் பந்தலில் வைத்திருந்த பெரிய டிவியில் அது தெரிந்ததும் கீழத்தெருப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. அவசர அவசரமாக அந்த அணியில் சேவுகப்பெருமாளையும் முதல் ஆளாக்கினான்.

சேவுகப்பெருமாளின் மகன் செல்வம் எழுந்தான். "சரி. ரெண்டு பேரும் மொதல்ல. அதுல எந்தத் தெரு மொதல்ல?"

"முதல் அடி உங்களுக்கு, முதல் எறி அவுகளுக்கு" என்றான் உதயகுமார். நாக்கு எப்படியோ அவனைக் காப்பாற்றியது. பேஸ்பாலில் இரண்டாவதாக அடிப்பவனுக்குத்தான் லாபம் என்பதை அவன் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா?

ஈச்சங்காவயலில் எல்லாச் சண்டையும் யார் முதல் என்பதுதான். அய்யனார் கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி, முதல் மாலையும் முதல் திருநீறும் வாங்குவது மேலத்தெருவா கீழத்தெருவா? இரண்டு தெருவும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள், பங்காளிகள். அதனால்தான் பகை இவ்வளவு நன்றாக விளைந்தது. கடைசியாகப் பரிவட்டம் கட்டிக்கொண்டவர் முத்துக்கருப்பனின் தம்பி. திருவிழா முடிந்த மூன்றாம் நாள் காலை அவர் கண்மாயில் மிதந்தார். வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதியது. மேலத்தெரு அப்படி நினைக்கவில்லை. அடுத்த வருடம் நாலு வைக்கோல் போரும் கீழத்தெரு ஆள் ஒருவனுக்கு ஒரு கண்ணும் போயின. அதற்கப்புறம் கோயில் கதவில் அரசாங்கப் பூட்டு.

இந்த வருடம் தாசில்தார் இரங்கினார். இரண்டு தெருவும் ஒத்துக்கொள்கிற ஏதாவது ஒரு வழியில் முடிவு செய்தால் பூட்டைத் திறப்பதாகச் சொன்னார். முதலில் காசு சுண்டிப் பார்த்தார்கள். சுண்டிவிட்ட மளிகைக் கடைக்காரர் இப்போது திருப்பூரில் இருக்கிறார், அவர் விலாசத்தை வீட்டார் யாருக்கும் கொடுப்பதில்லை. பூக்கட்டிப் பார்த்தார்கள். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பூசாரி அதில் அடையாளம் வைத்துவிட்டார் என்று இரண்டு தெருவும் சேர்ந்து அவரை அடித்தன. நான்கு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்வம், சாதிச் சான்றிதழ் எடுக்கக் கோட்டையூரில் உதயகுமாரின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனான். உதயகுமாருக்குக் குடியில்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், கம்ப்யூட்டரில் ஒரு பேஸ்பால் லீக் நடத்திவந்தான். எட்டு அணி, அத்தனையும் கற்பனை ஆட்கள். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும், இவன் பார்த்துக்கொண்டிருப்பான். "ஆசாரி வீட்டுல பொறந்து ஒரு ஆணி அடிக்கத் தெரியல. இல்லாத ஆளுக ஆடுறதுக்குக் கைதட்டத் தெரியுது" என்பாள் அவன் மனைவி கல்யாணசுந்தரி.

"இது என்னாது தம்பி?" என்று கேட்டான் செல்வம்.

"தானா ஆடுற ஆட்டம்ணே. யாரும் உள்ள கைவைக்க முடியாது."

வாய் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த நாளே இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. காரில் நடுவில் உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று லீக்கில் இரண்டு புது அணிகள் சேர்ந்தன. ஜெயிக்கிற தெருவுக்குப் பரிவட்டம் என்று முடிவானதும் தாசில்தார் பூட்டைத் திறந்தார், திருவிழாவுக்குக் காப்பும் கட்டியாயிற்று.

தோற்கிற தெரு யாரை அடிக்கும் என்பது உதயகுமாருக்கு மட்டும் தெரிந்திருந்தது. முழு உடம்போடு வீடு போய்ச் சேர வேண்டும். அய்யனாரிடம் அவன் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

காலைப் பூசை முடிந்து, பூசாரி பெத்தன் டிவிக்குச் சூடம் காட்டினார். உதயகுமார் ஆட்டத்தை விளக்கினான்.

"ஒருத்தர் பந்த எறிவாரு, ஒருத்தர் கட்டையால அடிப்பாரு. அடிச்சிட்டு நாலு மூலையும் சுத்தி, கெளம்புன எடத்துக்கே வந்தா ஒரு ரன்."

"கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குப்பா கெளம்பணும்?" என்றார் முத்துக்கருப்பன். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி. எதிர் வரிசையில் அவரைவிட நாலு மாதம் இளைய சேவுகப்பெருமாள். இருவரும் பேசி நான்கு வருடம் ஆகிறது.

ஆட்டம் தொடங்கியது. திரையில் வரி வரியாகத் தமிழில் எழுத்து ஓடியது. பாண்டீஸ்வரன் எறிகிறார். சேவுகப்பெருமாள் காயம். ஆறு வாரம் ஓய்வு.

கீழத்தெருப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஆட்கள் எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று வயது முதற்கொண்டு சரியாகப் போடச் சொன்னது இரண்டு தெருக்காரர்களும்தான். எழுபத்தெட்டு வயது ஆளைக் கட்டையோடு ஓடவிட்டால் கம்ப்யூட்டர் வேறு என்ன செய்யும்?

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றார் சேவுகப்பெருமாள், காலை நீட்டி மடக்கிக் காட்டி.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்ற செல்வம், எதிர் வரிசையைப் பார்த்துக் கத்தினான். "ஏண்டா, சித்தப்பன்னு பாக்காம எறிஞ்சிருக்கியே, நீ மனுசனா?"

"நான் எங்கடா எறிஞ்சேன்? இங்கதான உக்காந்திருக்கேன்!"

"ஒம் பேருதான போட்டிருக்கு!"

பாண்டீஸ்வரன் திரையில் தன் பெயரை ஒருமுறை பார்த்தான். ஆகவே நாற்காலியைத் தூக்கினான். உதயகுமார் நடுவில் புகுந்து, காயமே படாதபடி மாற்றி முதலிலிருந்து ஆடவிடுவதாகச் சொல்லிக் கும்பிட்டான். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

லேப்டாப் மீண்டும் தயாராகிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் புத்தி வேலை செய்தது. யாருமே ரன் எடுக்காவிட்டால்? சாமிக்கு இரண்டு தெருவும் சமம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமே! யாரும் பார்க்காதபோது, இரு அணியிலும் அடிக்கும் திறமையை எல்லாருக்கும் பூஜ்யமாக்கினான். பயத்தில் ஒன்றை மட்டும் மறந்துபோனான். பேஸ்பாலில் சமன் என்பதே கிடையாது. யாராவது ஜெயிக்கும்வரை சுற்று மேல் சுற்றாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்பதாவது சுற்று முடிந்தபோது பூஜ்யத்துக்குப் பூஜ்யம். உதயகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "ஆகவே, சாமி என்ன சொல்றாருன்னா..."

திரையில் பத்தாவது சுற்று என்று எழுத்து வந்தது.

"சாமி இன்னும் சொல்லி முடிக்கல போல. உக்காருங்க தம்பி" என்றான் செல்வம்.

பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று சுற்று போய்க்கொண்டிருந்தது. வெயில் பந்தலுக்குள் புகுந்து தலையில் இறங்கியது. சாப்பாடு வந்தும் யாரும் எழவில்லை. முதலில் எழுகிற தெரு தோற்ற தெரு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டிருந்தது. பாண்டீஸ்வரன் தண்ணீர்ச் செம்பை அப்பாவிடம் நீட்டினான்.

"அவன் குடிச்சானா?" என்றார் முத்துக்கருப்பன்.

"இல்லப்பா."

"அப்ப எனக்கும் வேணாம்."

எதிரே சேவுகப்பெருமாளும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். உதயகுமாருக்கு மனசு கேட்கவில்லை. முத்துக்கருப்பன் கிட்டப் போய், "ஐயா, நீங்க வீட்டுல போயிப் படுத்திருங்க. முடிஞ்சதும் சொல்லிவிடுறேன்" என்றான்.

"ஆளு இல்லாம பேரு மட்டும் ஆடுனா நல்லாவா இருக்கும்?" என்றார் பெரியவர். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

கல்யாணசுந்தரி போன் செய்தாள். "சாப்பாட்டுக்கு வந்துருவீகளா?"

"முப்பத்தோராவது சுத்து ஓடிக்கிட்டிருக்கு."

"மொத்தம் எத்தன?"

"தெரியல" என்றான். தோற்பதைவிட முடிவில்லாமல் போவது கொடுமை என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. தன் கையால் செய்த மாற்றத்தைத் தன் கையாலேயே அழித்துவிடலாம் என்றால், பாண்டீஸ்வரன் பக்கத்தில் நாற்காலி போட்டு லேப்டாப்பைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

அடிக்க யாருக்கும் தெம்பில்லை, சரி. ஆனால் எறிகிறவனுக்கும் கை ஓயுமே. கீழத்தெரு அணிக்கு எறிந்துகொண்டிருந்தவன் செல்வம். திரையில் அவன் பெயருக்கு நேரே 'சோர்வு' என்று சிவப்பில் மின்னியது.

"அண்ணே, உங்களுக்குப் பதிலா வேற ஆள எறியவிடலாமா?"

"என்னைய எறக்கிருவியா நீ?" செல்வம் உட்கார்ந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்கு ஒரு சோர்வும் இல்ல."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரைச் செல்வம் கண்டபடி எறிய ஆரம்பித்தான். பந்து ஒழுங்காக வராவிட்டால் அடிப்பவர் அடிக்காமலே அடுத்த மூலைக்கு நடந்து போகலாம் என்பது விதி. முத்துக்கருப்பன் முதல் மூலைக்கு நடந்தார். அடுத்து வந்தவனுக்கும் பந்து சரியாகப் போகவில்லை. பெரியவர் இரண்டாவது மூலைக்கு நகர்ந்தார். பிறகு மூன்றாவது. மேலத்தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. செல்வம் இன்னொரு பந்தையும் கோணலாக எறிந்தான்.

முத்துக்கருப்பன் ஒரு ரன். மேலத்தெரு வெற்றி.

வேட்டு வெடித்தது. கொட்டுக்காரர்கள் தூக்கம் கலைந்து அடித்தார்கள். பாண்டீஸ்வரன் மாலையோடு ஓடி, "எப்பா, ஜெயிச்சிட்டப்பா! நடந்தே ஜெயிச்சிட்ட!" என்று கழுத்தில் போட்டான். பெரியவர் மாலையின் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கறுப்புக் கண்ணாடி கழன்று விழுந்தது. கண் திறந்தே இருந்தது.

கொட்டு நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர் நர்ஸ் யோகலட்சுமி வந்து, கையைப் பிடித்துப் பார்த்தாள், விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"வெறைக்க ஆரம்பிச்சிருச்சு. உசிரு போயி ரெண்டு மூணு மணி நேரமாவது ஆயிருக்கும்."

ஆட்டத்தை இழுத்துவிட்டது உதயகுமார். அந்த வெயிலில் ஒரு வயசாளியைத் தண்ணியில்லாமல் காயவைத்தது அவன் போட்ட பூஜ்யம். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஓரமாகப் போய் அழுதிருப்பான். விட்டால்தானே!

"எங்கப்பா உசிரக் குடுத்து எடுத்த ரன்னு" என்றான் பாண்டீஸ்வரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பரிவட்டம் எங்களுக்கு."

"நர்ஸம்மா சொன்னத நீயுந்தான கேட்ட? ரன் எடுக்கையில அவரு உசிரோடயே இல்ல" என்றான் செல்வம்.

"நடந்தாருன்னு போட்டிருக்குல்ல?"

"செத்தவரு எப்புடிடா நடப்பாரு?"

இரண்டு தெருவும் ஒரு நொடி யோசித்தன. பிறகு ஒன்றாகத் திரும்பி உதயகுமாரைப் பார்த்தன. எங்கிருந்து வந்ததோ, நாலைந்து பேர் கையில் கம்பு இருந்தது.

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்றான் பாண்டீஸ்வரன். கை மறுபடி வேட்டிக்குள் போயிருந்தது. "செத்த ஆளு எடுத்த ரன்னு செல்லுமா, செல்லாதா?"

செல்லும் என்றால் அடிப்பது கீழத்தெரு. செல்லாது என்றால் மேலத்தெரு. உதயகுமார் லேப்டாப்பை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

அப்போது சேவுகப்பெருமாள் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். தள்ளாடிக்கொண்டே வந்து, நான்கு வருடம் பேசாத அந்த முகத்தை இரண்டு கையாலும் தடவினார்.

"அண்ணன் செத்துக் கெடக்காக, ரன்னாம்டா ரன்னு!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். "பங்காளி சாவுடா. தீட்டு. மேலத்தெருவுக்கும் தீட்டு, கீழத்தெருவுக்கும் தீட்டு. எவனும் இனிமே கோயில் வாசப்படிய மிதிக்க முடியாது. கம்பக் கீழ போடுங்கடா!"

கம்புகள் கீழே விழுந்தன. செல்வம், "பெரியப்பா" என்று கதறிக்கொண்டு காலடியில் விழுந்தான். பாண்டீஸ்வரன் அவன் முதுகில் கைவைத்து அழுதான். இரண்டு தெருப் பெண்களும் ஒரே வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தார்கள்.

உதயகுமாருக்கு அய்யனாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவர் கால்மாட்டில் ஒருமுறை விழுந்து கும்பிட்டான். லேப்டாப்பைப் பைக்குள் போட்டான். வேலிப் பக்கம் ஒரு பைக் சாவியோடு நின்றது. யாருடையது என்று பார்க்கவில்லை, காலையில் அனுப்பிவிட்டால் போயிற்று. மெல்லத் தள்ளிக்கொண்டு தார் ரோடுவரை போய் ஏறி உட்கார்ந்து உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. முழு உடம்போடு வீடு போய்ச் சேரப்போகிறான்.

பின்னாலிருந்து பூசாரி பெத்தனின் குரல் ஒப்பாரியை மீறிக் கேட்டது.

"காப்புக் கட்டியாச்சு, திருவிழா நிக்கக் கூடாது. தீட்டில்லாத ஆம்பள ஊருக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர் ஆளு ஒருத்தருதான், ஓடிப்போயிக் கூட்டியாங்கப்பா, இந்த வருசம் பரிவட்டம் அவருக்குத்தான்!"