வெடியுப்புத் தொட்டி

“ஏட்டி, அடுப்பை அணை! தொட்டி வெடிக்கப் போவுது!”

நான் கத்தியது என் பெண்டாட்டி பூங்கனியிடம். அவள் குழம்புச்சட்டியை இறக்கவே இல்லை.

“தொட்டியில கெடக்கது தண்ணி. அது எப்பிடி வெடிக்கும்?”

“தண்ணியில நைட்ரேட் கூடிப்போச்சுன்னு குமாரதாஸ் சொல்லியாச்சு. நைட்ரேட்னா என்னன்னு தெரியுமா? வெடியுப்பு! பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்.”

படித்தது அந்த ஒரு வரிதான். பிறகு பள்ளிக்கூடத்தை விட்டேன். பத்தொன்பது வயதில் கல்யாணமும் ஆகிவிட்டது. குமாரதாஸ் அடுத்த வீட்டுக்காரன். திருவனந்தபுரம் காலேஜில் ரசாயனம் படிக்கிறவன். தொட்டித் தண்ணீரை சீசாவில் கொண்டுபோய்ச் சோதித்து வந்தான். வாசலில் நின்று அவன் ‘ஞானசிங், நைட்ரேட்’ என்றதுமே நான் உள்ளே ஓடிவிட்டேன். மிச்சத்தைக் கேட்க யாருக்குப் பொறுமை?

அந்தத் தொட்டியைப் பார்த்திருந்தால் நீங்களும் ஓடியிருப்பீர்கள். கோட்டாற்று மிட்டாய்க்கடை ஒன்றில் கழித்துப்போட்ட கண்ணாடிப் பெட்டி. மண்டைக்காட்டுக் கடல்தண்ணீர். ஐந்தாறு மீன். பாறையிடுக்கில் எடுத்த ஒரு கல். வெறுங்கல் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அது பூத்திருந்தது! கல்லில் ஒட்டி வாழும் கடல்சாமந்தி, விரல் விரலாக இதழ்கள். தொட்டேன், மூடிக்கொண்டது. மஞ்சள்வால் நீலமீன் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட நான் அப்படி அசையாமல் நின்றதில்லை.

அவ்வளவு பிரியம். ஆகவே வேளைக்கு வேளை கைநிறைய இடித்த இறால் போட்டேன். மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. நீலமீன் மட்டும் மிச்சம். பூவும் சுருங்கிவிட்டது. மாமனார் இஸ்ரவேலிடமோ வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்: “கடல்மீனை வீட்டுல வளத்துக் காட்டுதேன். முடியல்லேன்னா உங்க கயித்துக்கடையில வந்து இருக்கேன்.” அவர் எனக்கு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

பூங்கனி குமாரதாசிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகமெல்லாம் பயம்.

“வெடிக்கத்தான் செய்யுமாம். நீங்க கிட்டப் போவாதிய. உங்க கைச்சூடு பட்டாலே போதுமாம்!”

“அப்பம் என்ன செய்ய?”

“பாதித் தண்ணிய எறைச்சிட்டுப் புதுக் கடல்தண்ணி ஊத்தணும். நீங்க சுமந்து வாசல்ல வச்சாப் போதும். நான் ஊத்திக்கிடுதேன்.”

“நீ வெடிச்சிப்போனா?”

“போனா என்ன? உங்களுக்கு வேற ஒருத்தி கெடைப்பா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோளில் கம்பு, கம்பில் ரெண்டு தகர டின். கடலுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தோள் வீங்கியது. தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு காலையில் கூப்பிட்டாள். “இஞ்ச வாருங்க!”

பூ விரிந்திருந்தது, முன்னைவிடப் பெரிதாக. கல்லின் ஓட்டைக்குள்ளிருந்து, நான் அதுவரை பார்த்தேயிராத நகத்தளவு நண்டு ஒன்று வந்து கையைத் தூக்கியது. இத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது! நீலமீன் ஒதுங்கி வழிவிட்டது. “படைச்சவனே!” என்றேன்.

“வெடியுப்பெல்லாம் போயிட்டாட்டி?”

“வெடியுப்பு! நீங்க போட்ட எறால் அழுவித்தான் தண்ணி கெட்டுது. இப்பிடிச் சொல்லல்லேன்னா உங்க கையை எப்பிடிக் கட்டிப்போட?”

“அப்பம் குமாரதாஸ் என்னதான் சொன்னான்?”

“‘தண்ணிய நீ மாத்து பூங்கனி, ஞானசிங் சும்மா இருந்தாப் போதும்’னு அண்ணன் சொன்னாரு.”

வேலைவெட்டி இல்லாதவன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய எனக்கு அவன் சொல்லியிருந்த வேலை, சும்மா இருப்பது. தோள் வீங்கத் தண்ணீர் சுமந்ததில் அதைக்கூட நான் செய்யவில்லை.