நொடிக்கு எண்பத்துமூன்று கிலோமீட்டர்

டூசான் நகரத்து வானாய்வுக் கூடமொன்றில் வெண்டல் ஹூக்ஸ்ட்ராவுக்கு ஜூன் மாதத்தோடு வேலை முடிகிறது. நிரந்தரம் வேண்டுமென்றால் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்பது விதி. விதிக்குக் கட்டுப்பட்ட மனுஷன், ஏப்ரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்: ஒரு வாயு மேகம் நொடிக்கு எண்பத்துமூன்று கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

மேகத்தின் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் நிறம் நிறமாகப் பிரிந்து கிடக்கும். எந்த நிறத்துக்கு என்ன அலைநீளம் என்று நியான் விளக்கின் கோடுகளை வைத்து அளவுகோல் போடுவார்கள். மேகத்தின் கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் மேகம் ஓடுகிறது என்று அர்த்தம்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு, பரிட்டோவைக் கடித்துக்கொண்டே விளக்கின் அட்டவணையைத் திறந்தவர் மெல்வதைப் பாதியில் நிறுத்தினார். அட்டவணையில் இருந்தவை காற்றில் அளந்த அலைநீளங்கள். மேகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டதோ வெற்றிடத்துக் கணக்கு. காற்றில் அலைநீளம் ஒரு மயிரிழை குறையும். அந்த மயிரிழையை வேகமாக மாற்றினால் எண்பத்துமூன்று கிலோமீட்டர். மேகம் பாவம், இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அளவுகோல்களைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தக் குழுவின் தலைவி மார்சியா ட்ரெவினோவிடம் போய்ச் சொன்னார்.

"மார்சியா, என் மேகம் நகரவே இல்ல."

"எவ்வளவுன்னு போட்டிருந்தீங்க?"

"எண்பத்துமூணு."

மார்சியா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எனக்கும் எண்பத்துமூணுதான். ஆனா என்னோடது வேற மேகம்."

மறுநாள் காலை குழு அவசரமாகக் கூடியது. ஐந்து உறுப்பினர்கள், ஐந்து மேகங்கள், ஐந்து திசைகள். எல்லாம் எண்பத்துமூன்று.

"எல்லாரும் ஒரே அட்டவணையத்தான் எடுத்திருக்கோம்," என்றார் வெண்டல்.

"அத யாரு சரிபார்த்தா?" என்று கேட்டார் மூத்த உறுப்பினர் ஆர்வில்.

"நீங்கதான். இந்தக் குழுதான்."

"அப்போ சரியாத்தான் இருக்கும். தப்பா இருந்தா நாங்க விட்டிருப்போமா?"

"எல்லா மேகமும் நம்மளப் பார்த்தே ஏங்க வரணும்?"

"வந்தா என்ன? நமக்கென்ன குறைச்சல்?"

மேற்படி பொருள் குறித்துத் தீர விவாதித்த குழு, ஆறு தனித்தனி ஆய்வுகளும் ஒரே விடையைத் தந்திருப்பதால் அவை ஒன்றையொன்று ஐயமற உறுதி செய்கின்றன என்று தீர்மானம் போட்டது. ஆதரிப்போர் கை தூக்கலாம் என்றார் மார்சியா. ஐந்து கைகள் உயர்ந்தன. பிறகு ஐந்து பேரும் வெண்டலைப் பார்த்தார்கள். தன் கை தானாக உயர்ந்தது என்றுதான் அவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். அவர்தான் தூக்கினார்.

வேலை நிரந்தரமானது. குழுவிலும் இடம் கிடைத்தது. போன மாதம் சிலி நாட்டிலிருந்து ஒரு பெண்மணியின் கட்டுரை, வெளியிடலாமா என்று சொல்வதற்காக அவர் பார்வைக்கு வந்தது. வெண்டலின் அதே மேகம். அசையாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தார். வெண்டல் அதைப் படித்துவிட்டு, 'தங்கள் அளவுத்திருத்தத்தில் எண்பத்துமூன்று கிலோமீட்டர் பிழை உள்ளது. திருத்தி அனுப்புக' என்று எழுதினார்.

ஒரே வாரத்தில் திருத்தி அனுப்பிவிட்டார் அந்த அம்மாள். நன்றியுரையில் முதல் பெயர் வெண்டல் ஹூக்ஸ்ட்ரா. ஏழாவது உறுதிப்பாடு என்று குழு குறித்துக்கொண்டது.