உன் அத்தானுக்கு மட்டும் நிறமில்லை

அமரவிளை,
செவ்வாய் மத்தியானம்.

சேசு மரி சூசை காவல்.

மஸ்கட்டில் வேலையிலிருக்கும் அன்புத் தம்பி ஆன்டோவுக்கு, அக்கா மார்கிரெட் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அனைவரும் என்றால் உன் அத்தானும் சேர்த்தாக்கும். முதலில் அதை நம்பு மக்கா. "அத்தான் போயாச்சா, வியாழக்கிழமை வாறேன்" என்று செய்தி போட்டுவிட்டு நீ போனை அணைத்துவிட்டாய். கூப்பிட்டால் கிடைக்கவில்லை. அதனால்தான் கையால் எழுதி, நீ போனைத் திறந்ததும் பார்க்கட்டும் என்று தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன். லீவை வீணாக்காதே, டிக்கெட்டை கேன்சல் செய்.

நடந்தது என்னவென்றால், போட்டோவில் ஒரு பாகம் கலராகவும் மீதி கறுப்பு வெள்ளையாகவும் ஆக்குகிற வித்தையை நானே போனைப் பார்த்துப் படித்துவிட்டேன். முதலில் படம் முழுக்க நிறத்தை எடுத்துவிடணும், பிறகு வேண்டிய இடத்தை விரலால் தேய்த்தால் அங்கே மட்டும் நிறம் திரும்பி வரும். எலே, என்ன ஒரு அழகு! எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் படத்தில் என் சிவப்புச் சேலையைத் தேய்த்தேன், தீப்பிடித்தது போல வந்தது. கையிலிருந்த ஜெபமாலையைக்கூட மணி மணியாகத் தேய்த்தேன். அத்தானைத் தேய்க்கவில்லை. அவரும் கலரானால் என் சேலை எடுபடாது பாரு. "இருபத்தைந்து வருஷம் தந்த ஆண்டவருக்கு நன்றி" என்று மேலே எழுதி, நீயும் இருக்கிற பங்குக்கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு மீன் கழுவப் போனேன்.

நம்ம ஊரில் செத்தவருக்குத்தான் நிறமில்லாத படம் என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவில்லை. கை கழுவி வருவதற்குள் நாற்பத்தியொரு பேர் கும்பிட்ட கை போட்டிருந்தார்கள். வாழ்த்துதான் என்று எல்லாருக்கும் "சந்தோஷம்" என்று பதில் போட்டேன்! பக்கத்து வீட்டுப் பின்சி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள், படம் இவ்வளவு நல்லா வந்திருக்கா என்று நானும் அழுதேன். அதற்குள் பந்தல் போடுகிற பொன்னப்பன் ரோட்டிலிருந்து வீடுவரை கறுப்புக்கொடி கட்டி, முற்றத்தில் ஏணி வைத்து டார்பாலினும் கட்டத் தொடங்கிவிட்டார். சந்தையிலிருந்து வந்த அத்தான் கீழே நின்று, "யாராக்கும் போனது?" என்றார். பொன்னப்பன் திரும்பிப் பாராமல், "நம்ம வாலண்டைன் அண்ணன். அந்தக் கயிறைப் பிடியும்" என்றார். அத்தானும் பிடித்தார். முடிச்சு விழுந்த பிறகுதான், "நான் எப்பம் போனேன்?" என்று கேட்டார். பொன்னப்பன் ஏணியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார். காயமில்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அத்தான் படத்தை வாங்கிப் பார்த்தார். "என்னைத் தேய்க்க உனக்கு ரெண்டு நிமிஷம் இல்ல, அப்படித்தானே?" என்று கேட்டவர்தான், பிறகு என்னோடு பேச்சில்லை. நீயும் பெட்டியோடு வந்து இறங்கினால் மானக்கேடு இரட்டிக்கும். ஆகவே வராதே.

உன்னையும் வீட்டாரையும் மாதா தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
புருஷன் உயிரோடிருக்கிற
அக்கா மார்கிரெட்

பின்குறிப்பு: இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சு வந்துவிட்டது. "கேன்சல் செய்யச் சொல்லாத டீ. ஆறு வருஷமா கூப்பிடுறோம், வாறானா? செத்தேன்னு கேட்டதும் வாறான் பாரு. கொடியும் டார்பாலினும் அப்படியே கெடக்கட்டும். அவன் வீட்டுக்குள்ள கேறுறது வரைக்கும் நான் செத்தவனாக்கும்" என்கிறார். ஆகையால் மேலே எழுதியது எதையும் நம்பாதே. அத்தான் போயாச்சு. சீக்கிரம் வா மக்கா.